பாத்ரூம் வாசலில் ஒரு ஷூட்டிங்

வீட்டில் இருப்பதே ஒரு பாத்ரூம். அதன் வாசலை அடைத்துக்கொண்டு ட்ரைபாட் நிற்கிறது. அதன் மேல் புத்தம் புதுக் கேமரா. எதிரே பெரிய கண்ணாடி. எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும், எந்தச் சக்கரத்தைத் திருகினால் எது மாறும் என்று கண்ணாடியில் தன்னைத்தானே படமெடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார் டோனி லூசியானி. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், டர்ஹம் என்ற சிற்றூரில் இருக்கும் ஓவியர். தூரிகை பழக்கம், கேமரா புதுசு. அவருக்குப் பின்னால் 91 வயது அம்மா எலியா.

"எனக்கு பாத்ரூம் போகணும்."

"அஞ்சே நிமிஷம்மா."

கால் மணி நேரம் ஓடுகிறது.

"பாத்ரூம் போகணும்னு சொன்னேனே!"

"இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம்."

புதுக் கேமரா வாங்கிய ஆம்பளையின் அஞ்சு நிமிஷம் எவ்வளவு நீளும் என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். எலியா அதற்கு மேல் காத்திருக்கவில்லை. கேமரா முன்னால் வந்து சேட்டையை ஆரம்பித்துவிட்டார். ஒரு க்ளிக். அடுத்தது. அதற்கும் அடுத்தது. 2018-ல் டெட்எக்ஸ் கேம்பிரிட்ஜ் மேடையில் லூசியானி இந்தக் கதையைச் சொல்லி, அந்தப் படங்களை வரிசையாகத் திரையில் காட்டியபோது அரங்கமே சிரித்தது. மறதி நோயான டிமென்ஷியா பற்றிய பேச்சு அது!

இந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்கத்தான் உங்களைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போகிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள், தரையெல்லாம் ஒயர் கிடக்கிறது.

முதலில் ஒரு சின்னப் பரிசோதனை. இணையத்தில் 'டிமென்ஷியா' என்று தட்டி, படங்களைப் பாருங்கள். சுருக்கம் விழுந்த இரண்டு கைகள், முகம் இருக்காது. ஜன்னலோரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் பாட்டி. மண்டையிலிருந்து ஜிக்சா துண்டுகள் உதிரும் கிராஃபிக்ஸ். விழிப்புணர்வு என்ற பெயரில் வருஷக்கணக்கில் நமக்குப் பரிமாறப்படுவது இதுதான். இவற்றைப் பார்த்து யாராவது டிமென்ஷியா வந்த தன் பெரியப்பாவைப் போய்ப் பார்த்திருப்பார்களா? பயந்து ஒரு தெரு தள்ளித்தான் போயிருப்பார்கள். 60 வயதைக் கடந்த இந்தியர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அத்தனை வீட்டிலும் ஒரு முகம் இருக்கிறது. அந்த முகம் கோபப்படும், கேலி செய்யும், வெட்கப்படும். படத்தில் மட்டும் ஏன் வெறும் கை?

சரி, டர்ஹம் வீட்டுக்குத் திரும்புவோம். பாத்ரூம் கலாட்டாவுக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அம்மாவும் மகனும் ஒரே வீட்டில் இருக்கத் தொடங்கியிருந்தார்கள். அம்மாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்திருந்தது. மகன் ஓவியத் தாங்கி முன்னால் நின்று வரைந்துகொண்டே எட்டிப் பார்ப்பார். அம்மா எதையும் பார்க்காத பார்வையோடு உட்கார்ந்திருப்பார். மாடிப்படியில் ஒவ்வொரு படியாக ஏறும் அந்த ஒடிசலான, குட்டையான கிழவி தன்னை வளர்த்த அம்மாதானா என்று மகனுக்கே சந்தேகம்.

ஏனென்றால் அந்த வளர்த்த அம்மா ஒரு புயல். மத்திய இத்தாலியின் மலைக்கிராமத்தில் பிறந்தவர். நிலமும் ஆடுகளும் இருந்த குடும்பம். அப்பா நிமோனியாவில் போய்ச் சேர, அம்மாவும் இரண்டு பெண்களும் பாடுபட்டும் சமாளிக்க முடியவில்லை. மூத்தவள் எலியாவை 13 வயதில், அவரைவிட இரு மடங்கு வயதுள்ள, முன்பின் தெரியாத ஒருவருக்குக் கட்டிவைத்தார்கள். 16 வயதில் முதல் குழந்தை. பிறகு டொரண்டோ. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, பெரியதொரு தையல் பிரிவுக்கே மேலாளர் ஆனார். மெஷினில் உட்கார்ந்திருந்தவர்கள் பல நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களிடம் அவரவர் பாஷையில் பேச வேண்டுமே! எலியா அகராதிகளை வைத்துக்கொண்டு பிரெஞ்சு, கிரேக்கம், ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ், டேனிஷ், போலிஷ், ரஷ்யன், ருமேனியன், ஹங்கேரியன் என்று சொல் சொல்லாகப் பொறுக்கி, வீடு முழுக்க உரக்கச் சொல்லிப் பழகுவாராம். சாயங்காலம் சமையலறையில் போலிஷ் கேட்டு வளர்ந்த பிள்ளை லூசியானி. கொடுத்துவைத்தவர்.

அந்த அம்மாவை மறுபடி கண்டுபிடித்த இடம், பாத்ரூம் வாசல்.

அன்றிலிருந்து வீடே ஸ்டுடியோ. வேலை நடந்த விதத்தைக் கேளுங்கள். முதல் கட்டம் பேச்சு. அம்மா கிராமத்துக் கதை சொல்வார், இப்போது மனசுக்கு எப்படி இருக்கிறது என்று சொல்வார், மகன் கேட்பார். காலையில் நடந்தது சாயங்காலம் நினைவில் நிற்காது. சின்ன வயசு சங்கதிகள் பளிச்சென்று வரும். இதில் மாயம் எதுவும் இல்லை. பழையது நிற்கும், புதியது முதலில் கரையும் என்று பிரெஞ்சு உளவியலாளர் தியோடூல் ரிபோ 1881-லேயே எழுதிவைத்தார். டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமர் பொதுவாக முதலில் கைவைப்பது, புதிய அனுபவங்களைப் பதிந்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில். எப்போதோ பதிந்து இறுகிப்போனவை அதற்கு அவ்வளவு சீக்கிரம் சிக்குவதில்லை. ஆக, ஷூட்டிங்குக்கு வேண்டிய கதை இருப்பில் நிறையவே இருந்தது.

இரண்டாம் கட்டம், மகன் அதைக் குறித்துக்கொண்டு ஒரு ஸ்கெட்ச் போடுவார். ஓவியராயிற்றே. மூன்றாவதுதான் எனக்கு மிகப் பிடித்த கட்டம்: மகனே அம்மாவாக நடித்துக் காட்டுவார்! இப்படி நில்லுங்க, இப்படித் திரும்புங்க, முகத்தை இப்படி வைங்க என்று ஒவ்வொரு போஸையும் தானே செய்து காட்ட, அம்மா பார்த்துக்கொண்டு அப்புறம் தன் பாணியில் வெளுத்துவாங்குவார். கேமரா கூச்சம் மருந்துக்கும் கிடையாது. 13 வயதில் பறிபோன விளையாட்டை 91-ல் ஆடித் தீர்த்தார் என்று எழுதத் தோன்றுகிறது. கொஞ்சம் மிகைதான், விட்டுவிடுகிறேன். தான் இன்னும் வேண்டப்படுகிறோம், தன்னால் ஆகவேண்டியது இருக்கிறது என்று அம்மாவுக்குத் தோன்றியதைத்தான் மகன் பெரிதாகச் சொல்கிறார்.

சொதப்பல்களும் உண்டு. ஒருநாள் லூசியானிக்கு, தான் பார்த்த ஒரு பழைய ஜெர்மன் படம் நினைவுக்கு வந்தது. 1981-ல் வந்த 'தாஸ் போட்', நீர்மூழ்கிக் கப்பலுக்குள் மூச்சுமுட்ட நடக்கும் போர்க்கதை. அந்த இறுக்கத்தை அம்மாவை வைத்துப் பிடித்துவிட நினைத்தார். எடுத்துப் பார்த்தால் வந்து நின்றது ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.'! உருப்படாத படம் என்று ஒதுக்கிப் போட்டுவிட்டார். அம்மாவோ அதைப் பார்த்துப் பார்த்து, வயிறு குலுங்கச் சிரித்தார். அவ்வளவு சிரித்தாரே என்பதற்காகவே ஒரு தமாஷுக்கு இணையத்தில் போட்டார் மகன். அது அள்ளிக்கொண்டு வந்த கவனம் கொஞ்சநஞ்சமல்ல. எடிட்டர் யார் என்று இப்போது புரிந்திருக்கும்.

எல்லாப் படமும் சிரிப்பில்லை. வாயை அகலத் திறந்து, சத்தமே வராமல் அம்மா கத்துகிற ஒரு படம் இருக்கிறது. தலைக்குள் சொல்லவேண்டியது அவ்வளவு நிறைந்திருக்கிறது, வாய்க்கு வருவதற்குள் என்னவென்று மறந்துபோகிறதே, ஏன் என்று எலியா ஒருநாள் கேட்டிருக்கிறார். ஒன்பது பாஷையில் சொற்களைத் தேடித் தேடிச் சேர்த்த பெண்மணி! அந்தக் கேள்விக்கு மகனிடம் பதில் இல்லை. அதையும் அவர்கள் சேர்ந்து உட்கார்ந்து ஒரு படமாகச் செய்தார்கள்.

அம்மாவுக்கு நாளைக்கு இந்த ஷூட்டிங்கே நினைவிருக்காதே, எதற்கு இவ்வளவு மெனக்கெடல் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அயோவா பல்கலைக்கழகத்தில் பதில் இருக்கிறது. 2014-ல் வெளியான ஆய்வு அது. அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான படத்துணுக்குகளையும் குஷியான படத்துணுக்குகளையும் போட்டுக் காட்டினார்கள். சற்று நேரத்தில் என்ன பார்த்தோம் என்பதே பலருக்கு மறந்துவிட்டது. ஆனால் சோகம் சோகமாகவே தங்கியது, மகிழ்ச்சி மகிழ்ச்சியாகவே தங்கியது. காரணம் போய்விட்டது, உணர்ச்சி நிற்கிறது. சாம்பார் காலியான பிறகும் பாத்திரத்தில் பெருங்காய வாசனை இருப்பதைப் போல. அப்படியென்றால் 'ஈ.டி.' படத்தைப் பார்த்துச் சிரித்த அந்த மத்தியானம் வீணா?

இப்போது ஒரு சுற்றுவழி. டர்ஹம் வீட்டிலிருந்து அமெரிக்காவின் டெக்சாஸுக்கு ஒரு தாவல். டாலஸ் நகர விளம்பரப் புகைப்படக்காரர் டாம் ஹஸியின் 'பிரதிபலிப்புகள்' வரிசையை நீங்கள் வாட்ஸ்அப்பில் நிச்சயம் பார்த்திருப்பீர்கள், யார் எடுத்தது என்று தெரியாமலேயே. வயதானவர் கண்ணாடி முன் நிற்கிறார். கண்ணாடிக்குள் இருப்பது அவருடைய இளமை. கிழவரின் எதிரே தீயணைப்பு வீரர். பாட்டியின் எதிரே வெள்ளைத் தொப்பி நர்ஸ். பார்த்ததும் நெஞ்சு அடைக்கும். தந்திரம் மட்டும் எளியது: உள்ளே தெரிபவர் சாயல் பார்த்துத் தேர்ந்தெடுத்த வேறொரு மாடல். வெளியே நிற்பவரைத் தனியாக, உள்ளே இருப்பவரைத் தனியாக எடுத்து, கணினியில் பொருத்திவிடுவது. வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது, பார்வை எந்த உயரத்தில் சந்திக்கிறது என்பதில் இம்மி பிசகினாலும் சாயம் வெளுத்துவிடும். ஹஸிக்குப் பொறி தட்டியது, இரண்டாம் உலகப் போரில் பங்கேற்ற ஒரு முதியவரிடமிருந்து. தனக்கு 80 வயதாகப் போகிறது என்பதை நம்பவே முடியவில்லை என்று அவர் புலம்பியிருக்கிறார். பிறகு நோவார்டிஸ் கம்பெனி, தோலில் ஒட்டும் தன் அல்சைமர் மருந்துப் பட்டைக்காக இந்த வரிசையை எடுக்கச் சொன்னது. ஆமாம், அத்தனை கண்ணீரும் மருந்து விளம்பரத்துக்குத்தான்! கலை நேர்த்தியில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படத்தில் நிற்பவர்களுக்கு நோயும் இல்லை, கதையும் அவர்களுடையதில்லை. எல்லாரும் ஒழுங்காக, அமைதியாக ஏங்குகிறார்கள். ஒருவராவது பாத்ரூம் போகணும் என்று கதவைத் தட்டுவதில்லை.

அதனால் எனக்கு நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கும் செரில் செயின்ட் ஓஞ்ச்தான் சரிப்படுவார். தாயும் மகளும் பல்லாண்டுகளாக ஒரே பண்ணையில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள். அம்மா பறவைகளை மரத்தில் செதுக்குவார், வரைவார். மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் கெட்டு வருகிற வகை டிமென்ஷியா அவருக்கு. நோய் முற்ற முற்ற மகள் கேமராவையே தொடாமல் விட்டிருந்தார். இரண்டு பேரும் சேர்ந்தே செத்துப்போனால் என்ன என்று அம்மா கேட்க ஆரம்பித்தார். மகள் அதற்கு எதிர்வினையாக, கைக்கு எட்டிய கேமராவை எடுத்து மறுபடி படமெடுக்கத் தொடங்கினார். கைக்கு எட்டியது என்றால் ஒருநாள் ஐபோன், இன்னொரு நாள் 8-க்கு 10 அங்குல ஃபிலிம் போடும் ராட்சதப் பெட்டிக் கேமரா! தாத்தா காலத்து ஸ்டுடியோக்களில் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு எடுப்பார்களே, அந்த ஜாதி. உள்ளே உருவம் தலைகீழாகத் தெரியும், ஒவ்வொரு படத்துக்கும் தனி ஃபிலிம் தகடு சொருக வேண்டும், எதிரே இருப்பவர் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். டிமென்ஷியா உள்ள அம்மாவை வைத்துக்கொண்டு இப்படியொரு கேமராவைத் தூக்குவதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். அந்தப் படங்களை அம்மாவைத் தெரிந்தவர்களுக்கு அனுப்பிவைத்தார் செரில், அவர் வாழ்க்கையில் இன்னும் ஆனந்தம் மிச்சமிருக்கிறது என்று காட்ட. அந்த வரிசைக்குப் பெயர் 'காலிங் தி பேர்ட்ஸ் ஹோம்'.

பூட்டிய கதவுகளும் இருக்கின்றன, மறைக்க வேண்டியதில்லை. ஸ்வீடனைச் சேர்ந்த மாயா டேனியல்ஸ், பிரான்சில் ஒரு மருத்துவமனையின் அல்சைமர் பிரிவில் எடுத்த படங்களில், உள்ளே இருப்பவர்கள் பூட்டிய கதவருகே வந்து வந்து நிற்கிறார்கள். இத்தாலிக்காரர் ஃபாஸ்டோ பொதவீனி, கணவரைப் பார்த்துக்கொண்ட மிரெல்லா என்ற பெண்மணியின் அன்றாடத்தை வருஷக்கணக்கில் கூடவே இருந்து எடுத்து, 2013-ல் வேர்ல்ட் பிரஸ் போட்டோ பரிசு வாங்கினார். கனமான படங்கள். சமூகவியல் பேராசிரியையாக இருந்து கேமராவுக்கு மாறிய அமெரிக்கர் கேத்தி க்ரீன்ப்ளாட், பல நாடுகளில், இந்தியாவிலும்தான், நல்ல பராமரிப்பு கிடைத்தவர்கள் எப்படிச் சிரிக்கிறார்கள், எப்படிக் கைகோத்துக்கொள்கிறார்கள் என்று தேடித் தேடி எடுத்தார். 2004-ல் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பிலேயே, அல்சைமரோடு உயிர்ப்பாக இருத்தல் என்று அடித்துச் சொல்லியிருந்தார்.

டர்ஹமுக்கு வாருங்கள், இன்னொரு அறை பாக்கியிருக்கிறது: ஓவியக்கூடம். மூலையில் ஒரு பூதாகாரத் தையல் மெஷின். டொரண்டோ வீட்டின் நிலவறையில், தரையோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்தது. குடும்பத்துக்கே உடுப்புகள் அதில்தான். சிறுவன் டோனி வீட்டுப்பாடத்தைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி, அம்மாவுக்குப் பின்னால் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்துகொள்வானாம். மோட்டார் இரைச்சல் அவனுக்குத் தாலாட்டு. அம்மா தன் வீட்டுக்கு வந்தபோது மெஷினையும் பத்திரமாகக் கொண்டுவந்து வைத்தார் மகன். அதே மெஷினில் அம்மா தைப்பதாக 'டிரஸ்மேக்கர்' என்ற எண்ணெய் வண்ண ஓவியத்தை அவர் தீட்ட, இந்த முறை பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது அம்மா. ஐம்பது வருஷத்தில் இடம் மாற்றிக்கொண்டார்கள்.

இத்தனை குதூகலத்திலும் லூசியானி செய்த ஒரு காரியத்துக்கு நான் எழுந்து நின்று கைதட்டுவேன். நோய் முற்றி, படிக்கட்டுகள் நிறைந்த அந்த வீடு அம்மாவுக்கு ஆபத்தாகிவிட்டது. பத்து நிமிட நடை தூரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார். ஒன்றுவிட்டு ஒருநாள் போய்ப் பார்ப்பதாக மேடையில் சொன்னார். அப்போது மகனின் பெயர் அம்மாவுக்கு நினைவிருக்கவில்லை, முகம் தெரிந்தது, பார்த்ததும் பெரிய சிரிப்பு. அப்படியொரு சிரிப்பு கண்ணெதிரே இருக்கும்போது எந்தப் புகைப்படக்காரருக்கும் விரல் துடிக்கும். ஆனால் அங்கே அவர் படமே எடுக்கவில்லை. எதற்காக எடுக்கிறோம் என்று இனி அம்மாவுக்குப் புரியாது, அதனால் எடுப்பது நியாயமில்லை என்றார். அதுவரை அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து படம் பண்ணினார்கள். ஒருவர் புரிந்து பங்கெடுக்க முடியாதபோது மற்றவர் தனியாக எடுத்தால் அது வேறு வகைப் படம். நம்மூரில் படுத்த படுக்கையாய் இருக்கும் தாத்தாவின் வாயருகே மொபைலை நீட்டி, "நான் யார் சொல்லு, நான் யார் சொல்லு" என்று வீடியோ எடுத்து ஃபேமிலி குரூப்பில் போடும் பேரப்பிள்ளைகள் இதைப் படித்தால் தேவலை.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லாமல் உங்களை வெளியே அனுப்ப மாட்டேன். இருவரும் ஒரே வீட்டில் இருந்த காலத்திலேயே லூசியானி அம்மாவின் கையில் ஒரு குட்டிக் கேமராவைக் கொடுத்தார். வேலை இதுதான்: தினமும் குறைந்தது பத்துப் படம், எதை வேண்டுமானாலும். எலியாவுக்கு அப்போது 93. வாழ்க்கையில் கேமராவைப் பிடித்ததே கிடையாது. மறதியோடு போராடும் ஒருவரைப் படமெடுப்பது வேறு; அவர் உலகத்தை எப்படிப் பார்க்கிறார் என்று அவரையே எடுக்கவிடுவது வேறு. இந்த இரண்டாவதற்குப் பொதுச் சுகாதார ஆய்வில் ஒரு முறையே இருக்கிறது. சீனாவின் யுனான் மாகாணத்துக் கிராமப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து, உங்கள் வாழ்க்கையை நீங்களே காட்டுங்கள் என்று 1990-களில் கேரலைன் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும் செய்துபார்த்த 'போட்டோவாய்ஸ்'. பின்னாளில் டிமென்ஷியா உள்ளவர்களோடும் ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். லூசியானிக்கு அப்படியெல்லாம் பெரிய திட்டம் இல்லை. அம்மா சும்மா உட்காராமல் மூளைக்கு ஒரு வேலை இருக்கட்டும் என்றுதான் கொடுத்தார்.

அதற்கு வட்டியும் முதலுமாகக் கிடைத்தது. இரண்டு கலைஞர்களும் எதிரெதிரே உட்கார்ந்து படங்களை விமர்சிப்பார்கள். மகன் தன் படத்தை ஏன் அப்படி எடுத்தார், அதில் என்ன உணர்ச்சி, அதற்கு என்ன அர்த்தம் என்று கலைக்கல்லூரி பாணியில் விரித்து விளக்குவார். அம்மாவின் விமர்சனத்துக்கு நான்கே இத்தாலியச் சொற்கள்: சீ, நோ, பெல்லா, புரூட்டா. ஆமாம், இல்லை, அழகு, அசிங்கம். மகன் வாயை மூடிக்கொண்டு அடுத்த படத்தை எடுத்து வைப்பார்.